வெறும் வயிற்றில்

ஆறுவதற்கு முன்னால் குடித்துவிடுங்கள் என்று சொல்லிக் கோப்பையை வைத்துவிட்டுப் போனார் பேக்கரிக்காரர். கோகிலவாணி குடிக்கவில்லை. இரண்டு கைகளையும் கோப்பைக்கு இரண்டு பக்கமும் வைத்துக் குளிர் காய்ந்துகொண்டிருந்தாள். குளிர் காயக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, குடிக்கத்தான் கூடாது. ராத்திரி இரண்டு இட்லியோடு சரி, அதற்கப்புறம் பச்சைத் தண்ணீர் மட்டும் என்று மாடியில் இருக்கிற ரத்தப் பரிசோதனை லேபில் சொல்லியிருந்தார்கள். காபி கூடாது, டீ கூடாது, சர்க்கரை போடாவிட்டாலும் கூடாது. ஹாட் சாக்லெட்டை மட்டும் அவர்கள் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஊட்டியிலேயே இருபது வருஷமாகக் காலம் தள்ளுகிற ஒரு ஹாஸ்டல் வார்டன் காலங்காத்தாலே டூரிஸ்ட் மாதிரி உட்கார்ந்து ஹாட் சாக்லெட் குடிப்பாள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. அவளுக்கே தோன்றவில்லை. மாடியில் தம்பி பெண்டாட்டி ரேணுகாவோடு டோக்கனை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், கொஞ்சம் வெயிலில் நின்றுவிட்டு வருகிறேன் என்று இறங்கினாள். ஜனவரி மாதத்தில், அந்த நேரத்துக்கு, ஊட்டியில் வெயிலுக்கு எங்கே போவது. எதிரே நின்ற வேனின் கூரையில் உறைபனி உப்பைத் தூவியதுபோல் கிடந்தது. வேனுக்குள் தம்பி சம்பத் மப்ளரைச் சுற்றிக்கொண்டு சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தான். மாடி ஏறினால் அவனுக்கு மூச்சு வாங்கும். இரண்டு கிட்னியும் போய்விட்டது, முப்பத்தொன்பது வயசில். அவனிடம் போய் இரண்டு வார்த்தை பேசலாம் என்றுதான் காலை எடுத்து வைத்தாள், கால் பேக்கரிக்குள் வந்துவிட்டது, வாய் ஒரு ஹாட் சாக்லெட் என்றுவிட்டது. இன்றைக்கு ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தால் அவளுடைய கிட்னியில் ஒன்று சம்பத்துக்குப் போகும். மற்ற பரிசோதனையெல்லாம் பாஸ். சர்க்கரை மட்டும் போன தடவை எல்லைக் கோட்டை ஒட்டி நின்றதால் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில். ஏறியிருந்தால் இவள் வேண்டாம் என்று தள்ளிவிடுவார்கள். விஷயம் அவ்வளவுதான். அவ்வளவுதானா என்று கோப்பையைப் பார்த்தாள். மேலே நுரை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்த வாசனை அவளுக்குப் புதிதில்லை. அவள் வேலை பார்க்கிற போர்டிங் ஸ்கூலில் ஒவ்வொரு டிசம்பரிலும், குளிர்கால லீவு விடுவதற்கு முந்தின ராத்திரி, பிள்ளைகளுக்கு ஹாட் சாக்லெட் உண்டு. அண்டாவில் பாலைக் கொதிக்க வைத்து, கொக்கோவைத் தனியே கரைத்துக் கட்டி தட்டாமல் ஊற்றி, அவளே நின்று அகப்பையால் மொண்டு ஊற்றுவாள். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகள் டம்ளரை நீட்டிக்கொண்டு வரிசையில் நெட்டித் தள்ளும், ஆன்ட்டி எனக்கு நுரையோட, ஆன்ட்டி அவளுக்கு மட்டும் ரெண்டு தடவை ஊத்தினீங்க. மொண்டு மொண்டு தோள்பட்டை விட்டுப்போகும். எல்லாரும் போன பிறகு அண்டாவின் அடியில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும், ஆடை படிந்து, அடிப்பிடித்த வாடையோடு, ஜில்லென்று. அதை ஒரு டம்ளரில் சாய்த்து நின்றபடியே குடித்துவிட்டு அண்டாவைத் தேய்க்கப் போடுவாள். சூடாகக் குடிப்பது பிள்ளைகளுடைய வேலை. மறுநாள் கார்கள் வரும், பெட்டிகள் போகும், இரண்டு மாசம் அந்த நீள வராந்தாவில் ஆன்ட்டி என்று கூப்பிட ஆள் இருக்காது. அப்போதுதான் தூங்கலாம் என்று ஒவ்வொரு வருஷமும் நினைத்துக்கொள்வாள். தூங்க முடிந்ததில்லை, ஏனென்றால் லீவு விட்டதும் தம்பி வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகும். ரேணுகாவுக்குப் பிரசவம் ஒரு லீவு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஒரு லீவு. அம்மா விழுந்து காலை உடைத்துக்கொண்டது ஒரு லீவு. கோகிலாவுக்குத்தான் லீவாச்சே, கோகிலா வந்துருவா. லீவைப் பார்த்து நோய் வருகிறதா, நோயைப் பார்த்து லீவு வருகிறதா என்று அவளுக்குப் பிடிபட்டதில்லை. இந்த லீவுக்குக் கிட்னி. அப்படி நினைத்ததும் சிரிப்பு வந்தது, கூடவே தூக்கமும் வந்தது. கோப்பைக்கு மேலேயே தலையைக் கவிழ்த்துத் தூங்கிவிடலாம் போலிருந்தது. மாடியில் எத்தனையாவது நம்பர் ஓடுகிறதோ.

கல்யாணத்துக்குப் பார்த்த ஜாதகம் ஒன்றுகூடப் பொருந்தவில்லை இவளுக்கு. ஒன்று ரஜ்ஜு தட்டும், ஒன்று செவ்வாய், ஒன்றில் எல்லாம் சரியாக இருந்து மாப்பிள்ளை வீட்டாருக்கு இவள் நிறம் சரியில்லை. பார்த்துப் பார்த்து ஓய்ந்து, கடைசியில் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்திவிட்டோம் என்று அவளிடம் சொன்னதாகக்கூட ஞாபகமில்லை. அப்படிப்பட்டவளுக்கு ஆஸ்பத்திரியில் எல்லாப் பொருத்தமும் இருக்கிறது என்று சொன்ன அன்றைக்கு வீட்டில் கேசரி கிண்டினார்கள். கேசரியில் ஒரு வாய்கூட அவளுக்குக் கிடையாது, அதுதான் அழகு. சர்க்கரை ஏறிவிடுமே. அன்றிலிருந்து அவளைப் பப்ளிக் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார்கள். காலையில் வெந்தயம், மத்தியானம் பாகற்காய், சாயங்காலம் நடை. ரேணுகா கூடவே நடந்தாள், அண்ணி கையை வீசி நடங்க, கையை வீசி நடங்க. பாவம், அவளுக்கு ரத்த குரூப் சேரவில்லை. அம்மாவுக்கு வயசும் சர்க்கரையும். மிச்சம் இவள்தான். ஆபரேஷனுக்கு நாள் பார்க்க ஜோசியரிடம் போனார்கள், தையில் நல்ல நாளாகக் குறித்துக் கொடுத்தார். அது போதாதென்று மாரியம்மன் கோயிலில் பூப்போட்டுப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், அம்மன் காலடியில் வைத்து, சம்பத்தின் மகள் மிருதுளாவை விட்டு எடுக்கச் சொன்னார்கள். குழந்தை எடுத்தது வெள்ளை. அம்மா அங்கேயே விழுந்து கும்பிட்டாள், ஆத்தா சம்மதம் குடுத்துட்டா. கோகிலவாணி அப்போது அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தாள். ஆத்தாவிடம் கேட்டார்கள், ஜோசியரிடம் கேட்டார்கள், டாக்டரிடம் கேட்டார்கள், மைசூரில் இருக்கும் சித்தப்பாவைக்கூடப் போனில் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டார்கள். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம் மட்டும் கேட்கவில்லை. கெட்ட எண்ணத்தில் இல்லை, அது அவளுக்கும் தெரியும். சொந்த வீட்டுப் பரணிலிருந்து பாத்திரத்தை எடுக்க யாராவது பரணைக் கேட்பார்களா. உனக்கென்ன கோகிலா, புள்ளையா குட்டியா, ஒத்தக் கிட்னிய வச்சே நிம்மதியா இருந்துக்கலாம் என்று அம்மா ஆசையாகத்தான் சொன்னாள், தலையைத் தடவிக்கொண்டே.

நுரை அடங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் ஆடை படிந்துவிடும், ஆடை படிந்தால் இதுவும் அண்டாவின் அடியில் கிடக்கிறது மாதிரிதான். கோகிலவாணி கோப்பையைத் தூக்கினாள். மோந்து பார்க்கத்தான் தூக்கினாள் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள், யார் கேட்டார்கள். முதலில் உதட்டில் சூடு, அப்புறம் நாக்கில் லேசான கசப்பு, அதற்குப் பின்னால் இனிப்பு மெதுவாக வந்தது. தொண்டை வழியாக இறங்கியது. ராத்திரியிலிருந்து காலியாகக் கிடந்த வயிற்றில் அது போய் உட்கார்ந்த இடம்கூடத் தெரிந்தது. விரல் நுனிகளில் ரத்தம் திரும்பி வந்து குறுகுறுத்தது. நன்றாக இருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் நன்றாக இருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது, அப்போதும் நன்றாகத்தான் இருந்தது. இனி வைத்துவிட்டாலும் ஒன்றுதான், குடித்தாலும் ஒன்றுதான். மடக்கு மடக்காக, அவசரமில்லாமல் குடித்தாள். அவசரமில்லாமல் எதையாவது குடித்து எத்தனை வருஷமாயிற்று. மாடியில் போய்க் கையை நீட்டினால் போதும். வாயைத் திறக்கவே வேண்டாம். ரத்தம் சொல்லிவிடும் அவளுக்குப் பதிலாக, சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, இவள் ஆக மாட்டாள் என்று. எல்லாரும் ஐயோ என்பார்கள், விதி என்பார்கள், வெந்தயம் போதவில்லை என்பார்கள். யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள். சம்பத் வேறு யாருடையதற்காவது பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருப்பான், வாரத்துக்கு மூன்று நாள் மலை இறங்கி டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டே. அப்படிக் காத்திருந்து, அவன் செத்துப் போனால். மனசு அங்கே வந்து நின்றது. கோப்பையின் காதில் சின்னதாக ஒரு விரிசல் இருந்தது, இதில் யாருக்காவது கை கீறாதா, இந்தக் கடையில் இதையெல்லாம் பார்க்க மாட்டார்களா. செத்துப் போனால். அவன் பிறந்தபோது இவளுக்கு ஏழு வயசு. அவனை இடுப்பில் தூக்கித் தூக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடப்பாள் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அந்த இடுப்புக்குக் கொஞ்சம் மேலேதான் கத்தி வைப்பார்களாம். கத்திக்குக்கூட இல்லை அவள் பயம். மயக்கம் தெளிகிற நேரத்தைத்தான் நினைத்து நினைத்துப் பயந்தாள். அம்மா சம்பத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பாள், ரேணுகாவும் அங்கேதான் இருப்பாள், இருக்க வேண்டியதும் அங்கேதான். இவள் கண்ணைத் திறக்கிறபோது பக்கத்து ஸ்டூலில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? ஒரு நாள் நடந்துகொண்டிருக்கும்போது விளையாட்டாகக் கேட்பதுபோல் ரேணுகாவிடம் கேட்டேவிட்டாள். ரேணுகா யோசிக்காமல் சொன்னாள், அதுக்கென்ன அண்ணி, அங்க நர்ஸ் இருப்பாங்கல்ல. கையை வீசி நடங்க. அந்தப் பதில் தைத்த இடம் இன்னும் வலித்தது. தம்பி மேல் ஆசை இல்லாமல் இல்லை. ஆசை இருக்கிறது, கொடுக்க மனசு வரவில்லை, இரண்டும் ஒன்றாக உள்ளே உட்கார்ந்துகொண்டு ஒன்றையொன்று முறைத்தன. அவளுக்கு அலுப்பாக இருந்தது. இரண்டில் எது ஜெயித்தாலும் சரி, சண்டை முடிந்தால் போதும் என்கிற அலுப்பு.

கண்ணாடிக் கதவு திறந்து குளிர் உள்ளே வந்தது. சம்பத். முகம் ஊதி, நிறம் மங்கி, மப்ளருக்குள்ளிருந்து சின்ன வயசுக் கண்கள் மட்டும் பார்த்தன. சாலையைக் கடந்து வந்ததற்கே மூச்சு வாங்கியது. எதிர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தான்.

"என்னக்கா, இங்க வந்து உக்காந்துட்ட?"

"குளுருதுடா."

"மேல கூப்பிட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

அவன் கோப்பையைப் பார்த்தான். அடியில் ஒரு வாய்தான் மிச்சம். மறுபடி அவளைப் பார்த்தான். மறந்துபோய்க் குடிச்சிட்டேன்டா என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்துவிட்டது. நம்பியிருப்பான். நம்புகிற மாதிரி நடித்தாவது இருப்பான்.

"தெரிஞ்சுதான்டா குடிச்சேன்," என்றாள்.

சம்பத் மப்ளரைத் தளர்த்திவிட்டுக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே ஒரு ஜீப்காரர் கண்ணாடியில் படிந்த பனியின் மேல் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார், இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

"பயமாக்கா?"

"பயமும்தான்." குரல் நடுங்கவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "என்னை ஒருத்தரும் கேக்கலடா சம்பத்து. நீகூடக் கேக்கல."

"கேட்டா வேணாம்னு சொல்லிருவியோன்னு இருந்துச்சு." மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கேக்காம விட்டா நீ சொல்ல மாட்டேன்னு தெரியும்க்கா. அதான் விட்டுட்டேன்."

அது அவளுக்கும் தெரிந்ததுதான். தெரிந்ததை அவன் வாயால் கேட்டபோது கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. உயிர் வேண்டும் என்று நினைக்கிறவன் வேறு என்ன செய்வான். இப்பக் கேளுடா என்று சொல்லலாமா என்று பார்த்தாள். அவனும் ஏதோ கேட்கப் போகிறவன் மாதிரி வாயைத் திறந்தான். அதற்குள் மாடிப்படியிலிருந்து தடதடவென்று இறங்கி ரேணுகா உள்ளே வந்துவிட்டாள்.

"அண்ணி, வாங்க, நம்ம நம்பரைக் கூப்பிடறாங்க." புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க எதுக்கு வண்டிய விட்டு எறங்குனீங்க?" அப்போதுதான் கோப்பை அவள் கண்ணில் பட்டது. "இது யாரு குடிச்சது?"

சம்பத் கையை நீட்டிக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "நான்தான்."

"உங்களுக்கென்ன பைத்தியமா?" ரேணுகாவின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "குடிக்கிற தண்ணியே அளந்துதான குடுக்கறேன். சாக்லெட்டு ஆகாது, பாலு ஆகாதுன்னு டாக்டர் தலதலயா அடிச்சுக்கிட்டாரு. இந்த ஒரு மாசம் வாயக் கட்டிக்கிட்டு இருக்க முடியாதா உங்களால? அண்ணி, நீங்களாச்சும் தடுக்கக் கூடாதா?"

சால்வை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் தலையைக் குனிந்து எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டான். கோகிலவாணியின் மேலுதட்டில் நுரை காய்ந்து ஒட்டியிருந்தது, அந்தப் பக்கம் ரேணுகா பார்க்கவே இல்லை. நீ மேல போக்கா என்றான் சம்பத். அவ்வளவுதான் சொன்னான். அவன் என்ன கொடுத்துவிட்டான் என்பது படியில் பாதி ஏறிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கைப்பிடிக் கம்பி பனியில் சில்லிட்டுக் கிடந்தது. போய்க் கையை நீட்டினால் போதும். தம்பியும் பொய் சொல்லியாயிற்று, இனி ரத்தமும் பொய் சொல்லிவிடும், அவள் எப்போதும்போல் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம்.

லேபில் ஒல்லியான பெண் ஒருத்தி கோகிலவாணியை நாற்காலியில் உட்கார வைத்து, ஸ்வெட்டர் கையைச் சுருட்டி, ரப்பர் பட்டையைக் கட்டினாள். பஞ்சை நனைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், எல்லாரிடமும் கேட்கிறதைக் கேட்டாள். "காலையில எதாச்சும் சாப்ட்டீங்களா?"

"இல்லீங்க, வெறும் வயிறுதான்," என்றாள் பின்னால் நின்ற ரேணுகா. "ராத்திரியில இருந்து ஒண்ணும் தொடல. நான் கூடவேதான இருக்கேன்."

கோகிலவாணிக்கு ஏனோ உடம்பெல்லாம் சூடேறியது. அவள் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதைக்கூட அவளுக்காக இன்னொருத்தி சொல்கிறாள்.

"சாப்ட்டேன்," என்றாள். "கீழ ஹாட் சாக்லெட் குடிச்சேன். இப்பத்தான்."

அந்தப் பெண் பஞ்சை வைத்துவிட்டுப் பட்டையை அவிழ்த்தாள். "அப்ப இன்னிக்கு எடுக்க முடியாதுங்க. நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க." அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள். ஒரு கிழவர் எழுந்து வந்தார். நாற்காலியை அவருக்கு விட்டுவிட்டுக் கோகிலவாணி போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ரேணுகாவும் வந்து உட்கார்ந்தாள், தொட்டுக்கொள்ளாமல், நடுவில் கைப்பையை வைத்து.

"சம்பத்து குடிக்கல ரேணு. நான்தான் குடிச்சேன். தெரிஞ்சேதான். நாளைக்கும் நான் வரமாட்டேன். எனக்குக் குடுக்க மனசில்ல."

சொல்லிவிட்டாள். சுவர் இடிந்து விழவில்லை. கிழவர் ஊசிக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ரேணுகா கத்துவாள், காலில் விழுவாள், குழந்தையைச் சொல்லி அழுவாள் என்று ஒவ்வொன்றுக்கும் கோகிலவாணி தன்னைத் தயார் செய்துகொண்டாள். ரேணுகா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"எனக்கு குரூப் சேரலைன்னு சொன்னாங்கல்ல அண்ணி," என்றாள் கடைசியில், மெதுவாக. "அன்னிக்கு வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு அழுதேன். குடுக்க முடியலையேன்னு அழறேன்னு நெனச்சுக்கிட்டு அவரு கதவத் தட்டித் தட்டி என்னை சமாதானம் பண்ணுனாரு." மூச்சை இழுத்து விட்டாள். "நிம்மதியா இருந்துச்சு அண்ணி. அதுக்குத்தான் அழுதேன். அதுக்கப்புறந்தான் உங்களைப் பிடிச்சுக்கிட்டேன்."

கோகிலவாணி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இரண்டு பேரில் யாராவது எழுந்துவிட வேண்டியிருக்கும். கிழவர் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே போனார், அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள், அதற்கடுத்ததையும் கூப்பிட்டார்கள். கீழே சம்பத் காத்துக்கொண்டிருந்தான். போய் அவனிடம் சொல்ல இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.